கை வராதவனுக்கும் கலை உதவுமா?

கோண்டாவில் கணக்கு எழுதியது:

வணக்கம். எனக்கு 46 வயது. உயர்தர மாணவர்களுக்கு இணைந்த கணிதம் கற்பிக்கும் ரியூசன் வாத்தியார். காலை 5.30க்கு முதல் வகுப்பு, இரவு 8 மணிக்குக் கடைசி வகுப்பு முடியும். இருபது வருடமாக இதே ஓட்டம். இதை எழுதும்போது நேரம் அதிகாலை 2.40.

பங்குனியில் அம்மா போய்விட்டார். 79 வயது, நான்கு நாள் படுக்கை, அவ்வளவுதான். வந்தவர்கள் எல்லாரும் நல்ல சாவு என்றார்கள். நானும் தலையாட்டினேன். முப்பத்தோராம் நாள் கீரிமலைக்குப் போய் வந்து அந்தியேட்டி முடித்தோம். கல்வெட்டுக்கு, அதாவது அன்று கொடுக்கும் நினைவுப் புத்தகத்துக்கு, பாட்டு எழுத ஒருவரைப் பிடித்தோம். பிறந்த திகதி, ஊர், பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று விவரங்களைத் தாளில் எழுதிக் கொடுத்தது நான். அவை வெண்பாவாகத் திரும்பி வந்தபோது அச்சுப்பிழை பார்த்ததும் நான். அம்மாவுக்காக நான் செய்த துக்கம் அந்த அச்சுப்பிழை திருத்தல் மட்டும்தான். அழவில்லை. அடுத்த கிழமை வகுப்புத் தொடங்கிவிட்டேன்.

பிறகுதான் இது ஆரம்பித்தது. இரவு 2 மணிக்கு யாரோ தட்டி எழுப்பியது போல விழிப்பு. நெஞ்சு அடித்துக்கொள்ளும். எழுந்து போய்க் கிணற்றடியில் நிற்பேன். ஒருநாள் வகுப்பில் தொகையீடு ஒன்று செய்துகொண்டிருந்தேன். அந்தக் கணக்கை ஓராயிரம் தடவையாவது செய்திருப்பேன். பாதியில் அடுத்த வரி என்னவென்று தெரியவில்லை. சோக்கைப் பிடித்தபடி நிற்கிறேன். முன்வாங்கில் இருந்த பிள்ளை மெதுவாக, "சேர், மறைக்குறி விட்டுவிட்டீர்கள்" என்றாள். எனக்குக் கை நடுங்கிவிட்டது.

ஈ.சீ.ஜீ. எடுத்தார்கள், இரத்தம் பார்த்தார்கள், உடம்பில் ஒன்றுமில்லை என்றார்கள். மனநலப் பிரிவுக்குத் துண்டு எழுதித் தந்தார்கள். அங்கே வாங்கில் சுவரைப் பார்த்தபடி ஒருக்களித்து உட்கார்ந்திருந்தேன், பெற்றோர் யாராவது கண்டுவிடக்கூடாதே என்று. மருத்துவர் பொறுமையாகக் கேட்டார். மாத்திரை தந்தார். பிறகு ஓர் உளவளத்துணையாளரிடம் அனுப்பினார். என் பழைய மாணவி வயதுப் பெண். "சேர், ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் கையால் ஏதாவது செய்யுங்கள். வரையுங்கள், பாடுங்கள், எதுவானாலும் சரி" என்றாள்.

சரியென்று சித்திரக் கொப்பியும் 24 நிற வண்ணப் பென்சில் பெட்டியும் வாங்கினேன். கடைக்காரர் "மகளுக்கா மாஸ்டர்?" என்று கேட்டார். ஓம் என்றேன். வீட்டில் எல்லாரும் படுத்தபின் குசினி மேசையில் இருந்து, கிணற்றடிப் பலாமரத்தை வரைந்தேன். முக்கால் மணித்தியாலம். முடித்துப் பார்த்தால் கோவா, அதாவது முட்டைக்கோஸ்! அப்படியே காம்போடு நிற்கிற கோவா. கிழித்துவிட்டேன். மறுநாள் அம்மாவின் முகத்தை வரையலாம் என்று உட்கார்ந்தேன். இரண்டு கண்ணோடு நின்றுவிட்டது. அந்தக் கண்கள் யாருடையவோ கண்கள். அன்றிரவு ஒரு நிமிடமும் தூங்கவில்லை.

நான்காம் வகுப்பில் கணக்குக் கொப்பி ஓரத்தில் காகம் கீறியதற்காக அடிமட்டத்தின் விளிம்பால் விரல் மொழியில் அடி வாங்கினேன். சித்திரமா சோறு போடும் என்று கேட்டார் அந்த வாத்தியார். போன வருடம் சித்திரத்தை ஒரு பாடமாக எடுக்க விரும்பிய பையனை அவன் தகப்பன் என்னிடம் புத்தி சொல்லக் கூட்டி வந்தார். அதே வசனத்தை நான் சொன்னேன், எழுத்துப் பிசகாமல்.

எனக்கு இனிப்புப் பேச்சு வேண்டாம். கலை மனத்துக்கு நல்லது என்பதற்கு ஏதாவது அத்தாட்சி உண்டா? உண்டென்றால் கை வராத என் போன்றவனுக்கும் அது பொருந்துமா? செய்யாமல் பார்த்தும் கேட்டும் இருந்தால் போதாதா? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

அளவெட்டி ரீச்சர் எழுதியது:

தம்பி, எனக்கு 71 வயது, அதனால் தம்பி என்றே எழுதுகிறேன். 33 வருடம் சித்திர ஆசிரியை. முதலில் ஒரு பழைய கணக்கைத் தீர்த்துக்கொள்கிறேன். ஒவ்வொரு வருடமும் பரீட்சை நெருங்கும்போது என் சித்திரப் பாடவேளையைக் "கடன்" வாங்கியவர்கள் யார் தெரியுமா? கணக்கு ஆசிரியர்கள். ஒருவராவது திருப்பித் தந்ததில்லை.

இப்போது உங்கள் கோவாவுக்கு வருவோம். இரவில், விளக்கு வெளிச்சத்தில், குசினிக்குள் இருந்துகொண்டு, வெளியே இருட்டில் நிற்கிற பலாமரத்தை வரைந்திருக்கிறீர்கள். மரத்தைப் பார்க்கவே இல்லையே! மரம் என்ற சொல்லைத்தான் வரைந்தீர்கள். அடுத்தநாள் அதைவிட மோசம். இறந்து மூன்று மாதமும் ஆகாத தாயின் முகம். நீந்தத் தெரியாதவன் பழகுவதற்குப் பருத்தித்துறைக் கடலில் வாடைக் காற்றுக்குள் இறங்கின மாதிரி. கைதேர்ந்த ஓவியர்களே அதற்கு வருடக்கணக்கில் காத்திருப்பார்கள்.

வெறுந்தாள் பயமுறுத்தும். இது என் அனுபவம் மட்டுமல்ல. 2005இல் அமெரிக்காவில் 84 பல்கலைக்கழக மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். முதலில் அவர்கள் மனத்தில் பதற்றத்தை உண்டாக்கிவிட்டு, பிறகு மூன்று கூட்டமாக்கி நிறந்தீட்டச் சொன்னார்கள். ஒரு கூட்டத்துக்கு வட்டமான மண்டல வடிவம், ஒன்றுக்குக் கட்டம் போட்ட வடிவம், மற்றதற்கு வெறுந்தாள். வடிவம் கிடைத்தவர்களுக்குப் பதற்றம் நன்றாக இறங்கியது. வெறுந்தாள்காரருக்கு அந்த அளவுக்கு இறங்கவில்லை. உங்கள் கையில் இருந்தது வெறுந்தாள், மனத்தில் இருந்ததோ பெருந்துக்கம்.

ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் முதல் நாள் கொடுப்பது திருவலை. ஆம், தேங்காய் துருவுகிற அதே திருவலைதான். பகல் வெளிச்சத்தில் அதை முன்னால் வையுங்கள். பென்சிலைத் தாளில் ஊன்றுங்கள். அதற்குப் பிறகு தாளைப் பார்க்கக்கூடாது. கண் திருவலையின் விளிம்பில் எறும்பு ஊர்கிற வேகத்தில் ஊர வேண்டும். கண் போகிற வேகத்தில் கையும் போக வேண்டும். பல்லுப் பல்லாக. எங்கே தேய்ந்திருக்கிறது, எந்தப் பல் வளைந்திருக்கிறது, எந்த இடுக்கில் காய்ந்த தேங்காய்ப்பூ ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். பத்து நிமிடம் போதும். படம் கண்றாவியாகத்தான் வரும். எனக்கும் அப்படித்தான் வரும். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் வேறொன்றை நினைக்க உங்களுக்கு இடம் இருக்காது.

கலைச் சிகிச்சை என்பதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரை 1942இல் இட்டவர் ஏட்ரியன் ஹில் என்ற ஓவியர். 1938இல் காசநோயோடு சனட்டோரியத்தில் கிடந்தவர். எழுந்து நடக்க முடியாது. கட்டிலில் கிடந்தபடி கைக்கெட்டிய பொருட்களை வரைந்து பொழுதைப் போக்கினார். பிறகு பக்கத்துக் கட்டில் நோயாளர்களுக்கும் பென்சில் கொடுத்துப் பார்த்தார். அப்படித் தொடங்கியது.

இன்னொன்று. கிழித்தீர்களே, அதைச் செய்யாதீர்கள். யார் புள்ளி போடப் போகிறார்கள்?

இரவுப்பணித் தாதி எழுதியது:

நான் மனநலப் பிரிவு ஒன்றில் பணியாற்றுகிறவள். முதலில் ஒரு வேண்டுகோள்: மாத்திரையை நீங்களாக நிறுத்தவேண்டாம். "நான் இப்போது பாட்டுக் கற்கிறேன், மாத்திரை வேண்டாம்" என்று சொல்லிப் போனவர்கள் சில மாதத்தில் இன்னும் மோசமாகத் திரும்பி வந்ததைக் கண்டிருக்கிறேன். கலை மருந்தின் இடத்தைப் பிடிக்காது. பக்கத்தில் நிற்கும்.

அத்தாட்சி கேட்டீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2019இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 3,000க்கு மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டி, கலையால் உடலுக்கும் மனத்துக்கும் என்ன பயன் என்று பார்த்தார்கள். நல்ல ஆய்வும் உண்டு, நோஞ்சான் ஆய்வும் உண்டு. ஆனால் போகும் திசை தெளிவாக இருக்கிறது. எனக்குப் பிடித்தது வேறொன்று. இங்கிலாந்தில் பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு அறிகுறிகள் கண்ட 134 தாய்மாரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு 10 கிழமை குழந்தைகளோடு கூடிப் பாடியது. ஒன்று கூடி விளையாடியது. மற்றதற்கு வழமையான கவனிப்பு மட்டும். பத்தாம் கிழமையில் மூன்று குழுவும் தேறியிருந்தன. ஆனால் சோர்வு கூடியிருந்த தாய்மாரில் பாடியவர்கள் மற்றவர்களைவிட விரைவாகத் தேறினார்கள். கைக்குழந்தையோடு இருக்கிறவளுக்கு நான்கு கிழமை முன்னதாகத் தேறுவது எவ்வளவு பெரிய விடயம் என்று எங்களுக்குத் தெரியும்.

கை வருமா வராதா என்ற கேள்விக்கும் ஓர் ஆய்வு இருக்கிறது. 2016இல் அமெரிக்காவில் 39 பேரை 45 நிமிடம் களிமண், வண்ணப் பேனா, ஒட்டுப்படம் என்று விருப்பம்போலச் செய்ய விட்டார்கள். முன்னும் பின்னும் எச்சிலில் கோட்டிசோல் அளந்தார்கள். மனஅழுத்தத்தின்போது உடம்பில் கூடுகிற சுரப்பு அது. ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்குக் குறைந்திருந்தது. முன்பே பழகியவர், பழகாதவர் என்ற வித்தியாசம் அதில் தெரியவில்லை.

பார்த்தும் கேட்டும் இருப்பதற்கும் கணக்கு உண்டு. அதுவும் இங்கிலாந்து. 50 வயதும் அதற்கு மேலும் ஆன 6,710 பேரை 14 ஆண்டுகள் கவனித்தார்கள். நாடகம், இசை நிகழ்ச்சி, கண்காட்சி என்று சில மாதத்துக்கு ஒருமுறையாவது போனவர்கள் அந்தக் காலத்தில் இறக்கும் வாய்ப்பு, போகாதவர்களைவிட 31 சதவீதம் குறைவாக இருந்தது.

நம் பக்கத்தையும் சொல்லவேண்டும். மட்டக்களப்பில் 1996இல் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா தொடங்கினார்கள். போரில் அடிபட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் ஒன்றாக வந்து மண்ணிலும் வண்ணத்திலும் கதையிலும் அளைந்த இடம் அது. அங்கே பிள்ளையைப் பிடித்து "உனக்கு என்ன நடந்தது, வரை" என்று கேட்பதில்லை. பிள்ளை தானாக வரும்வரை பொறுத்திருப்பார்கள். நீங்கள் உங்களிடமே அந்தக் கேள்வியை இரண்டாம் நாளே கேட்டுவிட்டீர்கள், அம்மாவின் முகத்தோடு. அடுத்த தடவை போகும்போது அந்த இரவைப் பற்றி உளவளத்துணையாளரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வயது குறைந்தவள் என்று தயங்கவேண்டாம். பயிற்சி பெற்றவர் பக்கத்தில் இருக்க, துக்கத்தைக் கலையின் வழியாகத் தொடுவது வேறு. தனியே நள்ளிரவில் கிளறுவது வேறு.

கிணற்றடியில் நிற்பேன் என்று எழுதியிருந்தீர்கள். அதை வாசித்தபோது எனக்கு ஒரு கணம் நெஞ்சு நின்றது. அப்படியான இரவில் வேறு எண்ணம் வந்தால் 1926க்கு அழையுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், 24 மணிநேரமும் எடுப்பார்கள்.

கோண்டாவில் கணக்கு எழுதியது:

இருவருக்கும் நன்றி. கிணற்றடி வெறும் காற்றுக்காகத்தான், தங்கச்சி. ஆனாலும் இலக்கத்தை எழுதி வைத்திருக்கிறேன்.

தொழில் புத்தி விடமாட்டேன் என்கிறது. 39 பேர் ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இருந்ததா? 45 நிமிடம் சும்மா வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாலும் கோட்டிசோல் குறைந்திருக்கலாமே. 6,710 பேர் ஆய்விலும், நாடகம் பார்க்கப் போகிறவனிடம் காசும் உண்டு, நடக்கத் தெம்பும் உண்டு. 134 தாய்மார் கணக்கைத்தான் நான் மதிக்கிறேன்.

ரீச்சர், கடனை ஒத்துக்கொள்கிறேன். திருவலையை நேற்று வரைந்தேன். சீப்பு மாதிரி வந்தது. கிழிக்கவில்லை.

இரவுப்பணித் தாதி எழுதியது:

ஒப்பீட்டுக் குழு இல்லை, நீங்கள் சொன்னது சரி. மற்றதில் பணம், கல்வி, உடல்நிலை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் வித்தியாசம் மிஞ்சியது. ஆனால் காரணம் அதுதான் என்று நிறுவியதாக அவர்களே சொல்லவில்லை.

ஸ்காபரோப் பூவரசு எழுதியது:

கனடாவில் இருந்து. இங்கே மொன்றியலில் 2018இல் மருத்துவர்கள் நோயாளருக்கு ஓவிய அருங்காட்சியகத்துக்கு இலவசமாகப் போகத் துண்டு எழுதித் தரத் தொடங்கினார்கள். உங்களுக்கு அது சரிவராது என்று தெரியும். எனக்குப் பனிக்காலம் வந்தால் உங்களைப் போல்தான். நான்கு மணிக்கே இருட்டிவிடும். தவில் மேதை தட்சிணாமூர்த்தியின் பழைய ஒலிப்பதிவுகளைக் காதில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் போவேன். அளவெட்டி, இணுவில் பக்கத்துக் கோயில்களில் நீங்கள் சும்மா வேலியோரம் நின்று கேட்கிறதை நான் இங்கே காதுக்குள் அடைத்துக்கொண்டு கேட்கிறேன். நல்லூர்க் கொடியேற்றமும் வருகிறது, 25 நாள். மருத்துவர் துண்டு தேவையில்லை. போய் நில்லுங்கள்.

பாசையூர் மத்தளம் எழுதியது:

மாஸ்டர், நான் கடற்தொழில். படித்த ஆய்வு ஒன்றும் என்னிடம் இல்லை. கூத்துக்கு மத்தளம் அடிக்கிறேன். என் தகப்பனும் அடித்தவர்.

பத்து வருடத்துக்கு முன் என் தம்பி கடலில் போனான். படகு வந்தது, அவன் வரவில்லை. நான் தொழிலுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். கடற்கரைப் பக்கம் முகம் திருப்பமாட்டேன். குடித்தேன், ஒளிக்க என்ன இருக்கிறது. அந்த நேரத்தில் எங்களுக்குக் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் வீட்டுக்கு வந்தார். ஆறுதல் வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை. "மத்தளக்காரன் இல்லை, இரவு வா" என்றார். அவ்வளவுதான்.

கூத்துப் பழக்கம் எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இரவுச் சாப்பாடு முடிந்து எட்டரை ஒன்பதுக்குக் கூடுவோம். மீன் விற்கிறவன் ராசா, மேசன் மந்திரி. அண்ணாவியார் ஒரு வரி பாடுவார், நடிக்கிறவன் பாடுவான், பிற்பாட்டுக்காரர் அதைத் திருப்பி எடுப்பார்கள். மத்தளம் எல்லாருடைய காலையும் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டும். ராசாவின் கால் ஒரு அடி பிந்தினால் அடியை இழுத்துப் பிடித்து அவனைத் தாளத்துக்குள் கொண்டுவர வேண்டும். பார்க்கிற சனத்துக்கு அது தெரியக்கூடாது. அந்த நேரத்தில் தம்பியை நினைத்தால் ராசா விழுந்துவிடுவான், மாஸ்டர். நினைக்க முடியாது. ஒரு நாளைக்கு மூன்று மணித்தியாலம் எனக்குத் தம்பி இல்லை, கடல் இல்லை. வீட்டுக்கு வந்து படுத்தால் கை வலிக்கும். கை வலித்தால் தூக்கம் வரும்.

ஆனால் எல்லாம் இப்படி இலேசாகப் போகவில்லை. அந்தக் கூத்தில் மகனைப் பறிகொடுத்த தாய் புலம்புகிற பாட்டு ஒன்று இருந்தது. முதல் நாள் பழகும்போது என் அம்மா வேலிக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. பாட்டு முடிய முன் அவர் தலையில் அடித்துக்கொண்டு அழுத சத்தம் கேட்டது. மத்தளத்தை வைத்துவிட்டு ஓடினேன். பெண்கள் சுற்றிவர இருந்து அவரோடு சேர்ந்து அழுதார்கள். ஒப்பாரி போலவே ஆகிவிட்டது. தம்பியின் உடல் கிடைக்காததால் எங்கள் வீட்டில் ஒப்பாரியே நடக்கவில்லை. மேடையேற்றிய அன்று அம்மா முன்வரிசையில் பாய் போட்டு விடியவிடிய இருந்தார். அந்தப் பாட்டு வந்தபோதும் எழும்பிப் போகவில்லை.

நீங்கள் தனியே குசினியில் இருந்து செய்கிறீர்கள். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. பாடத் தெரியாவிட்டால் பரவாயில்லை, சல்லாரி என்கிற கைத்தாளம் தட்டலாம். எண்ணத் தெரிந்தால் போதும். உங்களுக்கு எண்ணத் தெரியும்தானே? சனிக்கிழமை இரவு வாருங்கள், ஊருக்குள் வந்து கூத்துப் பழகிற இடம் எங்கே என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் காட்டும்.

கோண்டாவில் கணக்கு எழுதியது:

ஏழு கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன். நடந்ததைச் சொல்லாமல் விட்டால் மரியாதையில்லை.

பாசையூருக்கு இரண்டு சனிக்கிழமை போனேன். சல்லாரி தந்தார்கள். எண்ணத் தெரிந்தால் போதும் என்பது பச்சைப் பொய், ஐயா. நான் எண்ணி முடிக்கும்போது தாளம் அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறது. ஆனாலும் பின்வாங்கில் இருந்து பார்ப்பது நன்றாக இருந்தது. திரும்பி வரும்போது மோட்டார் சைக்கிளை ஒரு மதிலோரம் நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரியாது, அன்று மேடையில் யாரும் புலம்பவும் இல்லை.

பெரிய விடயம் வீட்டில் நடந்தது. திருவலைக்குப் பிறகு வரைய வேறு பொருள் தேடிக் குசினிப் பரணில் கையை விட்டேன். பழைய சேலைத் துண்டில் சுற்றி, ஓலை வாருகிற சிறு கத்தியான அம்மாவின் சத்தகமும் பாதி இழைத்த பனையோலைப் பெட்டி ஒன்றும் இருந்தன. மூன்று விரல் உயரத்துக்குச் சுவர் எழும்பி, ஓலை வார்கள் தலைவிரித்தபடி நின்றன. அம்மா பெட்டி இழைப்பதை நான் எவ்வளவு பார்த்திருப்பேன்! ஒருநாளாவது உட்கார்ந்து பார்த்தேனா என்றால் இல்லை. அது வீட்டில் கேட்கிற ஒரு சத்தம், அவ்வளவுதான்.

பக்கத்து வளவு ஆச்சியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஆச்சிக்கு 82 வயது, நாக்குக்கு இருபது. பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதைத் தொடாதே, முதலில் நீ பழகு" என்றார். இப்போது ஞாயிறு பின்னேரமும் புதன் பின்னேரமும் ஆச்சியின் விறாந்தையில் இருக்கிறேன். புதன் வகுப்பை நிறுத்திவிட்டேன் (பெற்றோர் இருவர் கோபித்துக்கொண்டார்கள்). குருத்தோலையை வெயிலிலும் பனியிலும் போட்டுப் பதமாக்கி, ஈர்க்கை நீக்கி, சத்தகத்தால் ஒரே அகலத்துக்கு வார்ந்து தருவது ஆச்சி. நான் வார்ந்தால் ஒரு முனை அகலம், மறுமுனை நூல்.

நிலத்தில் சப்பாணி கொட்டி உட்கார்ந்து, வார்கள் நழுவாமல் ஒரு பக்கத்தைக் கால் பெருவிரலால் மிதித்துக்கொள்ள வேண்டும். ஒன்றின் மேலே, அடுத்ததன் கீழே. அடி முடிந்ததும் மூலை திருப்பவேண்டும். தட்டையாகக் கிடந்தது அந்த இடத்தில் எழுந்து பெட்டியாகிறது. இரண்டு பரிமாணம் மூன்றாகிற இடத்தை வகுப்பில் கரும்பலகையில் எத்தனையோ தடவை கீறியிருக்கிறேன். விரலுக்குள் அது நடந்தபோது வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஆச்சி முறைத்தார்.

அந்த முதல் பெட்டி சரிந்தது. பக்கத்துக்குப் பன்னிரண்டு வார் இருக்கவேண்டும், ஒரு பக்கத்தில் பதினொன்று. நான்கு சுற்று மேலே போன பிறகுதான் கண்டேன். "வாத்தியாருக்கு எண்ண வராதோ?" என்றார் ஆச்சி. முழுவதையும் பிரிக்கச் சொன்னார். சிவப்புப் பேனாவால் சுழித்துவிட்டு அடுத்த பக்கம் புரட்ட முடியாத பிழை. ரீச்சர் சொன்ன கட்டம் போட்ட தாளை நினைத்துக்கொண்டேன். ஓலையும் கட்டம்தான். அடுத்த வார் எங்கே போகவேண்டும் என்று அதுவே சொல்லிவிடுகிறது.

இப்போது பல நாள் 4 மணி வரை தூங்குகிறேன். சில நாள் பழைய 2 மணி வந்துவிடுகிறது. மாத்திரை தொடர்கிறது. மருத்துவர் அளவைக் குறைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. உளவளத்துணையாளப் பிள்ளையிடம் அந்தக் கண்களைப் பற்றிச் சொன்னேன். மாத்திரையா, ஓலையா, ஆச்சியின் வாயா, நாள் கடந்ததா, எது வேலை செய்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். நான்கு தெரியாக்கணியம், ஒரே ஒரு சமன்பாடு.

சித்திரம் படிக்க விரும்பிய பையனின் தகப்பனுக்குத் தொலைபேசி எடுத்தேன். பையன் இப்போது வர்த்தகப் பிரிவில் படிக்கிறானாம். நன்றாகப் படிக்கிறானாம். மேலே என்ன சொல்வதென்று தெரியாமல் வைத்துவிட்டேன்.

இரண்டாவது பெட்டி நேராக நிற்கிறது. மனைவி அதில் செத்தல் மிளகாய் போட்டு வைத்திருக்கிறார். ஆச்சி நேற்று, இனி அம்மாவின் பெட்டியை எடுக்கலாம் என்றார். எடுத்துப் பார்த்தேன். வார்கள் நன்றாகக் காய்ந்து மொறுமொறுவென்று இருக்கின்றன. வளைக்கப் பயமாக இருக்கிறது. ஆச்சி மகள் வீட்டுக்குப் போய்விட்டார், ஞாயிறுதான் வருவார். இவ்வளவு காய்ந்த ஓலையை எப்படிப் பதமாக்குவது? யாருக்காவது தெரியுமா?

அளவெட்டி ரீச்சர் எழுதியது:

ஈரத் துணியில் சுற்றி ஓர் இரவு வையுங்கள். காலையில் ஒரு வாரை மட்டும் மெல்ல மடித்துப் பாருங்கள். வெடிக்கிற மாதிரி இருந்தால் இன்னொரு இரவு. ஞாயிறு வரை நாள் இருக்கிறதுதானே, தம்பி.